பெரிய ஆடிட் ஃபர்மில் முதல் சில வருடங்கள்: புதிதாகச் சேர்பவருக்கு

பெரிய ஃபர்மில் வேலை கிடைத்துவிட்டது என்றதும் எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: "மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு, அப்புறம் எங்கு வேண்டுமானாலும் போகலாம்." இதில் பாதிதான் உண்மை. பல்லைக் கடித்ததைத் தவிர வேறொன்றும் செய்யாமல், ஒரே கம்பெனியின் ரொக்கக் கணக்கை மூன்று முறை பார்த்த அனுபவத்தோடு வெளியே வந்தவர்கள் எனக்குத் தெரியும். நான் ஆடிட்டில் ஏழு வருடம் இருந்தேன். இப்போது கம்பெனி பக்கம் உட்கார்ந்து, வருகிற ஆடிட்டர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

1. பெயரைவிடப் பிரிவைப் பாருங்கள்

பெரிய ஃபர்ம் என்றால் முதலில் வருவது நான்கு பெயர்கள்: டெலாய்ட், பிடபிள்யூசி, இஒய், கேபிஎம்ஜி. 1980களில் எட்டாக இருந்தவை இணைந்து இணைந்து ஐந்தாகின. என்ரான் என்ற அமெரிக்க எரிசக்திக் கம்பெனியின் கணக்கு மோசடி விவகாரத்தில், அதன் ஆடிட்டரான ஆர்தர் ஆண்டர்சன் 2002-இல் சரிந்தபின் நான்கு மிஞ்சின. இவை உலகம் முழுவதற்கும் ஒரே கம்பெனி அல்ல என்பது சேர்ந்த பிறகுகூடப் பலருக்குத் தெரிவதில்லை. பொதுவாக ஒவ்வொரு நாட்டிலும் அங்குள்ள பார்ட்னர்களுக்குச் சொந்தமான தனி ஃபர்ம் இருக்கும். பெயரும் தர விதிகளும்தான் பொது. அதனால் "வெளிநாட்டுக் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், அது வங்கிக் கிளை மாற்றல் போன்றது அல்ல என்று புரிந்துகொள்ளுங்கள். குறிப்பிட்ட காலத்துக்கு உங்களை அனுப்பிவைக்க வேண்டும், அல்லது அங்குள்ள ஃபர்ம் உங்களைத் தானே வேலைக்கு எடுக்க வேண்டும்.

எந்த ஃபர்ம் என்பதைவிட எந்தப் பிரிவு என்பதுதான் உங்கள் வாழ்க்கையை மாற்றும். வரிச் சட்டம் நாட்டின் எல்லையோடு நின்றுவிடும். வரியில் இறங்குபவர் ஒரு நாட்டில் ஆழமாக வேர் விடுவார். ஆனால் வேறு நாட்டுக்குப் போனால் ஏறக்குறைய அ, ஆவிலிருந்து தொடங்க வேண்டும். ஐஎஃப்ஆர்எஸ் என்ற சர்வதேசக் கணக்கியல் தரநிலைகள் அப்படியல்ல. 140-க்கும் மேற்பட்ட நாடுகளிலும் ஆட்சிப் பகுதிகளிலும் அவை நடைமுறையில் உள்ளன. ஊர் விட்டு ஊர் போகும் எண்ணம் இருப்பவருக்கு ஆடிட் வசதி. கம்பெனிகளை வாங்குவது, விற்பது தொடர்பான ஆலோசனைப் பிரிவு கவர்ச்சியாகத் தெரியும். அங்கே நன்றாகத் தேறியவர்களில் பலர் முதலில் சில வருடம் ஆடிட்டில் கை அழுக்கானவர்கள்தான்.

நேர்காணலின் முடிவில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். "போன வருடம் இந்தக் குழுவில் சேர்ந்தவர் முதல் பன்னிரண்டு மாதத்தில் எத்தனை கிளையன்ட்டுகளைப் பார்த்தார்?" என்று கேளுங்கள். ஒன்று அல்லது இரண்டு என்றால், பெரிய கிளையன்ட் ஒன்றின் ஒரு மூலையில் நீங்கள் காணாமல் போக வாய்ப்புண்டு. ஐந்தாறு என்றால் முழுக் கணக்கையும் சீக்கிரமே பார்ப்பீர்கள். பெயர் பெற்ற கிளையன்ட் வேண்டும் என்றுதான் புதியவர்கள் ஆசைப்படுகிறார்கள். என்னைக் கேட்டால், முதல் வருடத்துக்குச் சின்ன கம்பெனிதான் மேல். கொள்முதல் முதல் சம்பளம் வரை ஒரு கம்பெனி எப்படி மூச்சு விடுகிறது என்பதை ஒரே ஆள் பார்க்க முடிவது அங்கேதான்.

2. சேர்ந்த வாரமே முதலீடுகளைச் சொல்லிவிடுங்கள்

நீங்கள் ஆடிட் செய்யும் கம்பெனியின் பங்கு உங்களிடம் இருக்கக் கூடாது. உங்கள் வாழ்க்கைத்துணையிடமும் உங்களைச் சார்ந்திருப்பவர்களிடமும் இருக்கக் கூடாது. பெரிய ஃபர்ம்களின் சொந்த விதிகள் இதைவிடக் கடுமையாகவே இருக்கும். "ரெண்டே ரெண்டு பங்குதானே" என்ற பேச்சு எடுபடாது. எத்தனை என்பது கேள்வியே அல்ல. வீட்டில் உட்கார்ந்து பேசி, யார் பெயரில் என்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டு, படிவத்தில் உள்ளபடியே எழுதிக் கொடுங்கள். பிறகு கண்டுபிடிக்கப்படுவதைவிட இது பல மடங்கு எளிது.

கணினியில் முடிக்க வேண்டிய கட்டாயப் பயிற்சிகளும் அப்படித்தான். "விடை என்னிடம் இருக்கிறது, அனுப்பட்டுமா?" என்று யாராவது கேட்பார்கள். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். 2022-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் இஒய் மீது 10 கோடி டாலர் அபராதம் விதித்தது. ஆடிட் ஊழியர்கள் தொழில் நெறித் தேர்வுகளில் காப்பியடித்ததும், அந்த விசாரணையின்போது ஃபர்ம் உண்மையை மறைத்ததும்தான் காரணம். நெறிமுறைத் தேர்வில் காப்பி! சிரிப்பு வரும்தான். ஆனால் இரவு பதினோரு மணிக்கு, மறுநாள் கெடு என்ற நிலையில், அந்த விடைத்தாள் திரையில் வந்து நிற்கும்போது யாருக்கும் சிரிப்பு வராது.

3. டைம்ஷீட்டில் உண்மையான நேரத்தை எழுதுங்கள்

இதைச் சின்ன விஷயம் என்று யாரும் முதலில் விளக்கிச் சொல்வதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டைம்ஷீட் என்பது எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் செலவிட்டீர்கள் என்று நீங்கள் எழுதும் பதிவு. ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று பட்ஜெட் இருக்கும். பன்னிரண்டு மணி நேரம் கொடுத்த வேலைக்கு உங்களுக்கு இருபது ஆகிறது. வெட்கமாக இருக்கும். பன்னிரண்டு என்று எழுதிவிட்டு மீதி எட்டை விழுங்கிவிடுவீர்கள். சீனியரும் கண்டும் காணாமல் விடுவார், ஏனென்றால் பட்ஜெட் அழகாக முடிந்தால் அவருக்கும் நல்லது. அடுத்த வருடம் என்ன ஆகும்? போன வருடம் பன்னிரண்டில் முடிந்த வேலை என்று, அதே பன்னிரண்டோ, இன்னும் குறைத்துப் பத்தோ கொடுப்பார்கள். அந்தக் குழியில் விழப்போவது அடுத்து வரும் புதியவர், பெரும்பாலும் நீங்களேதான். ஆள் போதவில்லை என்று மேனேஜர் மேலிடத்தில் கேட்டால், "கணக்கில் அப்படித் தெரியவில்லையே" என்ற பதில்தான் வரும். கட்டணத்தைக் கூட்டச் சொல்லிக் கிளையன்ட்டிடம் பேசுவதற்கும் அதே எண்களைத்தான் எடுப்பார்கள்.

ஆகவே இருபது என்றால் இருபது. பக்கத்தில் ஒரு வரி காரணமும் எழுதுங்கள்: "கிளையன்ட் கொடுத்த பட்டியல் பேரேட்டோடு ஒத்துப்போகவில்லை, இரண்டு முறை திருப்பி அனுப்பினேன்." காரணத்தோடு வரும் கூடுதல் நேரத்தை நல்ல மேனேஜர் யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. இன்னொன்று: எட்டு மணி நேரம் கூடப்போகிறது என்று தெரிந்த அன்றே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்தபின் சொன்னால் அது சாக்கு, நடுவில் சொன்னால் தகவல்.

4. அடுத்தவர் படித்தால் புரியுமாறு எழுதுங்கள்

வொர்க்கிங் பேப்பருக்கு, அதாவது செய்த ஆடிட் வேலையைப் பதிந்துவைக்கும் தாளுக்கு, சர்வதேசத் தணிக்கைத் தரநிலை 230 ஒரு நல்ல அளவுகோல் தருகிறது. இந்த வேலையோடு முன்பின் தொடர்பில்லாத அனுபவமுள்ள ஆடிட்டர் ஒருவர் உங்கள் தாளை மட்டும் படித்து, என்ன செய்தீர்கள், என்ன கிடைத்தது, என்ன முடிவுக்கு வந்தீர்கள் என்று புரிந்துகொள்ள வேண்டும். பக்கத்தில் நின்று "அது வந்து சார்..." என்று நீங்கள் விளக்க முடியாது. போன வருடத் தாளை நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். நகலெடுத்தால் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கும், "இந்த வருடம் இது உண்மையா?" என்று கேட்டுவிட்டு வையுங்கள். மூடிவிட்ட பிரிவுக்கு, "மேலாளரிடம் பேசினோம்" என்று எழுதியிருந்த தாளை நான் பார்த்திருக்கிறேன்.

சோதனை எந்தத் திசையில் போகிறது என்பதும் முக்கியம். பேரேட்டிலிருந்து ஒரு விற்பனையை எடுத்து அதன் இன்வாய்ஸையும் சரக்கு அனுப்பிய சீட்டையும் தேடினால், இல்லாத விற்பனையை எழுதியிருக்கிறார்களா என்பது தெரியும். அனுப்பிய சீட்டிலிருந்து பேரேட்டுக்குப் போனால், நடந்த விற்பனையை விட்டிருக்கிறார்களா என்பது தெரியும். ஒன்று மற்றதற்கு ஈடாகாது. ஆரம்பத்தில் டிக் மட்டும் அடித்துக்கொண்டிருந்த எனக்கு இது பிடிபட எட்டு மாதம் ஆனது.

5. ஸ்டாக் எண்ணப் போகும்போது

புதியவர்களுக்குத் தனியாகக் கிடைக்கும் முதல் பொறுப்பு பெரும்பாலும் இதுதான். கிடங்கில் நாள் முழுக்க நிற்பதை யாரும் விரும்புவதில்லை. ஆனால் இந்த வேலை எப்படி வந்தது என்று தெரிந்தால் மரியாதை வரும். 1938-இல் அமெரிக்காவில் மெக்கெசன் அண்ட் ராபின்ஸ் என்ற மருந்துக் கம்பெனியின் புத்தகங்களில் இருந்த சரக்கில் சுமார் ஒரு கோடி டாலர் சரக்கு கிடங்கில் இல்லை. ஆடிட்டர்கள் காகிதங்களை மட்டுமே பார்த்திருந்தார்கள். நேரில் போய்ப் பார்ப்பது அன்று கட்டாயமில்லை. அதற்குப் பிறகுதான் சரக்கை நேரில் பார்ப்பதும், கடனாளிகளிடம் நேரடியாக எழுதிக் கேட்பதும் அங்கே வழக்கமான நடைமுறை ஆயின.

அப்படி நேரில் பார்த்தாலும் ஏமாறலாம். 1963-இல் அமெரிக்காவில் வெடித்த சாலட் ஆயில் (சமையல் எண்ணெய்) மோசடியில், தொட்டிகளில் பெரும்பகுதி தண்ணீர், மேலே மட்டும் எண்ணெய். எண்ணெய் மிதக்கும் அல்லவா? எட்டிப் பார்த்தவருக்கு எண்ணெய்தான் தெரிந்தது.

ஆகவே கிடங்குக்குப் போனால்: பட்டியலில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துத் தரையில் தேடுங்கள், பிறகு தரையில் கண்ணில் பட்டதைப் பட்டியலில் தேடுங்கள். அடுக்கின் முன்வரிசையோடு நிற்காமல் பின்னால் ஒரு பெட்டியை இறக்கித் திறக்கச் சொல்லுங்கள். தூசி படிந்தவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள், மதிப்பைக் குறைக்க வேண்டுமா என்று பின்னால் கேட்க வேண்டிவரும். கடைசியாக வந்த சரக்குச் சீட்டின் எண்ணையும், கடைசியாக வெளியே போனதன் எண்ணையும் கிளம்பும் முன் எழுதிக்கொள்ளுங்கள். இதைத்தான் புதியவர்கள் மறக்கிறார்கள். மறந்தால், எந்த விற்பனை எந்த வருடத்துக்குச் சேரும் என்ற கேள்வி மாதக்கணக்கில் இழுக்கும். நல்ல ஷூ போட்டுக்கொண்டு போங்கள்.

6. இந்தக் காகிதம் உங்கள் கைக்கு எப்படி வந்தது?

இரண்டாம் வருடம் ஒரு வங்கி இருப்புக் கடிதத்தைக் கோப்பில் வைத்து, தொகை சரியாக இருக்கிறது என்று டிக் அடித்தேன். சீனியர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இதை யார் கொடுத்தது?" கிளையன்ட்டின் கணக்கர்தான் கொண்டுவந்து கொடுத்திருந்தார். நல்ல மனிதர், எனக்காக அலைந்து வாங்கி வந்ததாகச் சொன்னார். சீனியர் திட்டவில்லை. "அப்படியென்றால் இது வங்கியின் கடிதம் இல்லை, அவருடைய கடிதம்" என்றார். மறுபடியும் வங்கிக்கு நாங்களே எழுதி, பதில் எங்களுக்கே நேராக வரச்செய்து, ஒரு வாரம் தாமதமானது. தொகை அதேதான். ஆனாலும் அந்த ஒரு வாரம் என்னால் வந்தது.

அது ஏன் முக்கியம் என்பது பார்மலாத் கதையைப் படித்தபோது உறைத்தது. 2003-இல் அந்த இத்தாலியப் பால் கம்பெனியின் கோப்பில், அமெரிக்க வங்கி ஒன்றில் 395 கோடி யூரோ இருப்பதாகக் கடிதம் இருந்தது. கடிதம் போலி, கணக்கே கிடையாது. 2020-இல் வயர்கார்டு என்ற ஜெர்மன் பணப் பரிமாற்றக் கம்பெனியின் 190 கோடி யூரோவும் இப்படித்தான், இருப்பதாகச் சொன்ன வங்கிகளில் இல்லை என்று ஆனது.

இந்தக் கேள்வியை ஒரு பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். எக்செல் பட்டியல் வந்தால் யார் எடுத்தது, எந்த மென்பொருளிலிருந்து, நடுவில் யார் கை வைத்திருக்க முடியும்? இப்போது பல ஃபர்ம்களில் மாதிரி எடுப்பதற்குப் பதில் எல்லாப் பதிவுகளையும் மென்பொருளே அலசிவிடுகிறது. டிக் அடிக்கும் வேலை குறைந்து வருகிறது. உள்ளே போட்ட தரவு முழுமையானதா என்று கேட்கிற ஆள் மட்டும் இன்னும் வேண்டியிருக்கிறது.

7. ரிவ்யூ நோட், பிஸி சீசன், பரீட்சை

நீங்கள் முடித்த தாளைச் சரிபார்க்கும் மேலாளிடமிருந்து நாற்பது கேள்விகளோடு ரிவ்யூ நோட் வரும். முதல் முறை அழுகை வந்தாலும் வரலாம். அத்தனையையும் அன்றே மூடப் பார்க்காதீர்கள். இரண்டாம் முறை வரும் கேள்விகளை மட்டும் தனியாக எழுதிவையுங்கள். அவைதான் உங்கள் பலவீனங்கள்.

பிஸி சீசனில், அதாவது கிளையன்ட்டுகளின் ஆண்டுக் கணக்கு முடிந்து ஆடிட் குவியும் மாதங்களில், நேரம் உங்கள் கையில் இருக்காது. அதைப் பற்றி ஆறுதலாக எழுத எனக்கு ஒன்றும் இல்லை. சில வாரங்கள் தூக்கம் கெடும். ஆனால் வருடம் முழுக்க அப்படியே போனால் அதற்குப் பெயர் சீசன் அல்ல, ஆள் பற்றாக்குறை. உடம்பு சொல்வதைக் கேளுங்கள், எழுத்தில் தெரிவியுங்கள், குழு மாறக் கேளுங்கள்.

கணக்காளர் தகுதிப் பரீட்சை நாட்களை, தேதி வெளியான அன்றே, யார் எந்த வேலைக்குப் போவது என்று அட்டவணை போடுபவரிடம் கொடுத்துவிடுங்கள். ஃபர்மில் பார்ட்னரைவிட அந்த ஆள் உங்கள் வாழ்க்கையில் அதிகம் தலையிடுபவர். அவரோடு நல்ல உறவு வைத்திருப்பது சோப்பு போடுவது அல்ல, தற்காப்பு.

8. எந்தத் தொழில்துறை?

இரண்டாம் மூன்றாம் வருடத்தில், கேட்காமலே, ஏதோ ஒரு துறைக்குள் தள்ளப்படுவீர்கள். வங்கிக்குப் போனால் வங்கிதான் அப்புறம். கடன், முதலீடு போன்ற நிதிக் கருவிகளுக்கு 2018-இல் நடைமுறைக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் 9, காப்பீட்டில் 2023-இல் நடைமுறைக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் 17 போன்றவற்றை நன்றாகக் கற்றவருக்கு அந்தத் துறைக்குள் கிராக்கி உண்டு. ஆனால் உற்பத்திக் கம்பெனி ஒன்று, "அடக்கவிலை தெரியுமா?" என்று கேட்கும்போது கை பிசைய வேண்டியிருக்கும். தள்ளப்படுவதற்கு முன் நீங்களே கேட்டு வாங்குவது நல்லது. முதல் இரண்டு வருடத்தில் ஒரு முறையாவது சரக்கு வைத்திருக்கும் கம்பெனியைப் பார்த்துவிடுங்கள் என்பது என் பிடிவாதம்.

9. இருப்பதா, கிளம்புவதா?

ஆடிட்டில் கற்ற சந்தேகப் புத்தியை நம் ஆட்கள் சொந்த வாழ்க்கைக்கு மட்டும் பயன்படுத்துவதில்லை. கிளையன்ட்டின் மேலாளர், "கடன் வசூலாகிவிடும்" என்றால் ஆதாரம் கேட்கிறோம். நம் பார்ட்னர், "உனக்கு இங்கே எதிர்காலம் இருக்கு" என்றால் அப்படியே பதிந்துகொள்கிறோம்.

ஆதாரம் தேடுங்கள். உங்கள் பிரிவில் கடந்த ஐந்து வருடத்தில் எத்தனை பேர் பார்ட்னர் ஆனார்கள்? எத்தனை சீனியர் மேனேஜர்கள் வரிசையில் நிற்கிறார்கள்? ஃபர்மின் அமைப்பு கூம்பு வடிவம்: கீழே பலர், மேலே சிலர். பாதிப் பேர் கிளம்பினால்தான் அது நிற்கும். கிளம்புவது தோல்வி அல்ல, அந்த அமைப்பே அதை எதிர்பார்த்துத்தான் ஆள் எடுக்கிறது. சேர்ந்ததிலிருந்து பார்ட்னர் ஆவதற்குப் பெரும்பாலும் 10 முதல் 15 வருடம் ஆகும். ஆனபின் நீங்கள் ஊழியர் அல்ல, பங்குதாரர். மூலதனம் போட வேண்டும், அதற்குக் கடன் வாங்குபவர்களும் உண்டு. லாபத்தில் பங்கு வரும், வழக்கு வந்தால் அதிலும் பங்கு வரும். வேலையில் பாதி, கிளையன்ட் பிடிப்பதும் பிடித்ததை இழக்காமல் இருப்பதும். அது பிடிக்குமா என்பதை மேனேஜர் ஆகும்போதே, ஒரு முறை கட்டணப் பேச்சில் கூட உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

எப்போது கிளம்பலாம்? தகுதித் தேர்வு முடியும் முன் போவது, அடுத்த வேலை அசாதாரணமாக நன்றாக இருந்தாலொழிய, நஷ்டம். தகுதி வந்த உடனே போனால் கம்பெனிகளில் கணக்கு அறிக்கை தயாரிக்கும் வேலை எளிதாகக் கிடைக்கும். என் கணிப்பில் இன்னும் ஒரு சீசன், ஒரு வேலையை முழுக்க நீங்களே நடத்தி, கீழே இருவருக்கு வேலை சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவது மேல். அடுத்த நேர்காணலில் கேட்பது அதைத்தான். மேனேஜராகி மூன்று நான்கு வருடம் தாண்டினால் சம்பளம் உயர்ந்திருக்கும், வெளியே அதே சம்பளத்துக்கு இருக்கும் இடங்கள் குறைந்திருக்கும்.

போகும் இடத்தையும் சோதியுங்கள். அறிக்கை தயாரிக்கும் வேலை ஆடிட்டருக்குப் பழகிய நிலம். ஆனால் சலிப்பும் அங்கேதான் சீக்கிரம் வரும். அடுத்த வருடம் எங்கே செலவழிப்பது, எதை மூடுவது என்று கம்பெனிக்குள்ளே திட்டமிடும் வேலை, நடந்ததைப் பார்த்தே பழகிய நமக்கு முதலில் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கும். எனக்கு ஆறு மாதம் அப்படித்தான் இருந்தது. இப்போது அதை விட்டு வர மனமில்லை. உள்தணிக்கை, பலர் நினைப்பதைவிட நல்ல இடம், அது யாரிடம் அறிக்கை கொடுக்கிறது என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

10. கிளம்பும்போது

உங்கள் கிளையன்ட்டே வேலை தருவதாகச் சொன்னால், பேச்சு தொடங்கியதுமே ஃபர்முக்குத் தெரிவித்துவிடுங்கள். கையெழுத்தானபின் சொல்வது விதி மீறல். நீங்கள் செய்த சோதனைகளை எல்லாம் இன்னொருவர் மறுபடி பார்க்க வேண்டி வரலாம். அமெரிக்காவில் பட்டியலிட்ட கம்பெனி என்றால், ஆடிட் குழுவில் இருந்தவர் அங்கே நிதி அறிக்கையை மேற்பார்வையிடும் பதவிக்குப் போக இடைவெளிக் கட்டுப்பாடு உண்டு. 2002-இல் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் அதை ஒரு வருடம் என்று வைத்தது.

கோப்பு, மாதிரித் தாள், கிளையன்ட் பட்டியல் எதையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், "வெறும் ஃபார்மெட்தானே" என்றாலும் சரி. சீசன் நடுவில் கடிதம் கொடுக்காமல் இருக்க முடிந்தால் இருங்கள். பின்னால் நீங்கள் கம்பெனி பக்கம் உட்கார்ந்திருக்கும்போது, ஆடிட்டுக்கு வருபவர் பழைய சீனியராகவே இருக்கலாம். எனக்கு அப்படித்தான் ஆனது. வங்கிக் கடிதத்தை என்னிடம் கேட்கவே இல்லை, நேராக வங்கிக்கே எழுதிக்கொண்டார்.

கடைசியாக, தகுதிக்கான அனுபவப் பதிவேட்டில் மேற்பார்வையாளரின் கையெழுத்து பாக்கி இருந்தால், கடைசி நாளுக்கு முந்தைய வாரமே வாங்கிவிடுங்கள். கடைசி நாளன்று அவர் நிச்சயம் ஏதோ ஒரு கிளையன்ட்டின் கிடங்கில்தான் இருப்பார்.